வேண்டாம் என்று சொல்லும் நரம்புகள்

பெரியம்மா மகன் முதன்முதலாக விழுந்தது ஒரு பின்னேரம், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களத்தில் நாங்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தபோது. அண்ணனுக்கு அப்போது 14 வயது, எனக்கு 11. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயோரம் நுரை தள்ளியது. லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஓடி வந்தவர்களில் ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து அவருடைய கையில் திணித்தார். இன்னொருவர் பல்லுக்கு நடுவே கரண்டியை வைக்கப் பார்த்தார். இரண்டு மூன்று நிமிடத்தில் இழுப்பு தானாக நின்றது. இரும்புதான் நிறுத்தியது என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். அன்று இரவு லயம் முழுக்க ஒரே பேச்சு: “புள்ளைக்கு நரம்பு தளந்து போச்சு. நரம்புல சத்து இல்ல.” மறுநாளே நரம்பு டானிக் ஒரு போத்தல் வந்து சேர்ந்தது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போன பிறகுதான் அந்தப் பேச்சு எவ்வளவு தலைகீழானது என்று எனக்கு விளங்கியது. வலிப்பு வரும்போது மூளையின் ஒரு பகுதியிலுள்ள நரம்புக்கலங்கள் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில், அளவுக்கு மீறிய வேகத்தோடு துடிக்கின்றன. அங்கே சத்துக்குக் குறைவே இல்லை. கைவிட்டுப் போவது வேறொரு கூட்டத்தின் வேலை. மற்றக் கலங்களைப் பார்த்து “இப்போது வேண்டாம்” என்று சொல்லும் கூட்டம் அது. பாடப்புத்தகத் தமிழில் நிரோத நரம்புக்கலங்கள் என்று சொல்லலாம். நான் தடுக்கும் கலங்கள் என்றே எழுதுகிறேன். இப்போது மலையகத்து அட்டனில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் பாடத்துக்கு வெளியே ஒரு மணிநேரம் எடுத்து இந்தக் கலங்களைப் பற்றிப் பேசுவேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருக்கின்றன. சும்மா இருக்கும் ஒரு கலத்தின் உட்பக்கம், வெளிப்பக்கத்தைவிட 70 மில்லிவோல்ட் அளவுக்குத் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும். மற்றக் கலங்களிடமிருந்து வரும் செய்திகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுகின்றன. ஓர் எல்லையைத் தாண்டியதும் கலம் ஒரு துடிப்பை விடும். அந்தத் துடிப்பு நீண்ட வால் வழியாக ஓடி அடுத்த கலங்களைப் போய்ச் சேரும். மேலே தள்ளும் செய்தியைச் சுமப்பது பெரும்பாலும் குளுட்டமேட் என்ற பொருள். கீழே பிடித்து வைக்கும் செய்தியைச் சுமப்பது காபா. வியப்பு என்னவென்றால், காபா உண்டாவதே குளுட்டமேட்டிலிருந்துதான். ஒரே ஒரு நொதியம், ஒரே ஒரு படி. தூண்டும் பொருளின் ஒரு முனையை வெட்டிவிட்டால் தடுக்கும் பொருள் கிடைத்துவிடுகிறது.

அந்த நொதியம் வேலை செய்ய விற்றமின் பி6 வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு வகைக் குழந்தைப் பாலுணவைக் குடித்த கைக்குழந்தைகள் சிலருக்கு வலிப்பு வந்தது. அதைப் பதப்படுத்திய சூட்டில் பி6 அழிந்துபோயிருந்தது. விற்றமினைக் கொடுத்ததும் வலிப்பு நின்றது. நரம்பில் சத்து இல்லை என்ற லயத்துப் பேச்சு உண்மையிலேயே பொருந்தக்கூடிய ஓர் இடம் இது. ஆனால் அங்கேயும் சத்துக் குறைவால் செயலிழந்தது தடுக்கும் பக்கம்.

மூளையின் வெளிப்பட்டையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு கலம் தடுக்கும் கலம். தூண்டும் கலங்களின் வால்கள் மூளையின் மறுபக்கத்துக்கும், சில முதுகெலும்புக்குள் இருக்கும் முண்ணாண் வரைக்கும் போகும். தடுக்கும் கலங்கள் பெரும்பாலும் ஊரை விட்டுப் போகாதவை. பக்கத்துக் கலங்களோடுதான் அவற்றின் கொடுக்கல் வாங்கல் எல்லாம். ஸ்பானிய அறிஞர் ரமோன் இ கஹால் நூறு வருடங்களுக்கு முன்பே இந்தக் குட்டை வால் கலங்களை வரைந்து வைத்தார். மனித மூளையின் சிறப்புக்கு இவற்றின் எண்ணிக்கையும் வகை வகையான வடிவங்களும்தான் காரணம் என்று அவர் நினைத்தார். இவை தடுப்பவை என்பது அவருக்குத் தெரியாது. நுணுக்குக்காட்டி வழியாக வடிவத்தை மட்டும் பார்த்து அவர் அந்த இடத்தில் விரலை வைத்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

காபா எப்படித் தடுக்கிறது? வாங்கும் கலத்தின் மேல்தோலில் காபாவுக்கென்று சிறு கதவுகள் உண்டு. காபா வந்து தொட்டதும் அவை திறந்து குளோரைட்டு அயன்களை உள்ளே விடும். அவை எதிரேற்றம் கொண்டவை, ஆகவே கலத்தின் அழுத்தம் கீழே போகும். சில நேரம் அழுத்தம் அவ்வளவாக மாறாது. அப்போதும் தடுப்பு நடக்கும். தண்ணீர் விழும் பீலியடியில் குடம் வைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். குடத்துத் தண்ணீரை யாரும் கொட்டவில்லை, ஆனால் அடியில் ஓட்டை இருக்கிறது. மேலே எவ்வளவு விழுந்தாலும் குடம் நிறையாது. திறந்த குளோரைட்டுக் கதவு அந்த ஓட்டையைப் போன்றது. தூண்டும் செய்தி வரும், வந்த வழியிலேயே ஒழுகிப் போகும்.

நரம்புக்கு நிறுத்தும் வேலையும் உண்டு என்ற எண்ணம் அறிவியலுக்குள் மெதுவாகத்தான் வந்தது. 1845இல் ஜேர்மனியின் வேபர் சகோதரர்கள், மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயம் நின்றுவிடுகிறது என்று காட்டினார்கள். நரம்பைத் தூண்டினால் ஏதோ ஒன்று நடக்கும் என்று எதிர்பார்த்த காலத்தில், நடந்துகொண்டிருந்தது நின்றது. அப்புறம் இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன். முழங்காலை நீட்டுவதற்காகத் தொடையின் முன்பக்கத் தசை சுருங்கும்போது, தொடையின் பின்பக்கத் தசைக்குப் போகும் நரம்புக்கலங்கள் அடக்கப்படுகின்றன என்று அவர் கண்டார். இரண்டு தசையும் ஒன்றாக இழுத்தால் கால் மரக்கட்டை மாதிரி விறைத்து நிற்கும். கூடை நிறையக் கொழுந்தோடு ஈரச் சரிவில் இறங்கும் ஒருவரின் ஒவ்வொரு அடியிலும், ஒரு தசைக்குப் “போ” என்றும் எதிர்த்தசைக்கு “பொறு” என்றும் முண்ணாணில் சேர்ந்தே கட்டளை போகிறது. 1932இல் நோபல் பரிசு வாங்கியபோது ஷெரிங்டன் ஆற்றிய உரை தடுப்பைப் பற்றியதுதான். உடலின் செயல்களை ஒருங்கிணைக்கும் சக்தி என்று அதை அவர் எடுத்துப் பேசினார்.

அவருடைய மாணவர் ஜோன் எக்கிள்ஸ், நரம்புக்கும் நரம்புக்கும் இடையே மின்சாரமே நேராகத் தாவுகிறது என்று நீண்ட காலம் வாதாடியவர். 1951இல் நியூசிலாந்தின் டனீடினில், பூனையின் முண்ணாணில் உள்ள ஓர் இயக்க நரம்புக்கலத்துக்குள் மெல்லிய கண்ணாடி முனையைச் செருகி, தடுக்கும் வழியைத் தூண்டிப் பார்த்தார்கள். அவருடைய கருத்துச் சரியென்றால் அழுத்தம் மேலே போயிருக்க வேண்டும். கீழே போனது. இடையில் ஒரு இரசாயனப் பொருள் இருந்தால்தான் அப்படி நடக்கும். எக்கிள்ஸ் தன் பல வருடக் கருத்தை அங்கேயே கைவிட்டார். பிழை என்று தெரிந்ததும் உடனே மாறிய அந்த மனத்தை நான் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்வேன். 1963இல் அவருக்கும் நோபல் கிடைத்தது. மூளையில் காபா இருப்பது 1950இலேயே தெரிந்துவிட்டது. 1957இல், மூளைச் சாற்றிலிருந்த தடுக்கும் பொருள் காபாதான் என்று சிங்கிறாலுக்கு உறவான ஒரு நன்னீர்ப் பிராணியின் நரம்பில் சோதித்துக் கண்டார்கள். இருந்தும், அது மூளையின் செய்திப் பொருள்தான் என்று எல்லோரும் ஏற்றுக்கொள்ள இன்னும் பத்து வருடம் பிடித்தது.

தடுப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நம் நாட்டு மரம் ஒன்று காட்டும். எட்டி. “எட்டிக்காயாய்க் கசக்கிறது” என்கிறோமே, அதே எட்டிதான். அதன் விதையில் இருக்கும் ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு தசையைத் தொடுவதில்லை, இயக்க நரம்பைக் கெடுப்பதுமில்லை. முண்ணாணில் தடுக்கும் செய்தியைச் சுமக்கும் இன்னொரு பொருள் கிளைசீன். அது போய்த் திறக்க வேண்டிய கதவை மட்டும் அடைத்துவிடுகிறது. அவ்வளவுதான். ஆனால் சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பிலுள்ள தசையெல்லாம் ஒன்றாக இழுக்கும், முதுகு வில்லாக வளையும், கடைசியில் மூச்சு விடும் தசைகளும் விறைத்துப் போகும்.

ஏற்புவலி என்ற டெட்டனஸும் இதே கதைதான். கவ்வாத்துக் கத்தி காலில் பட்டாலோ, துருப்பிடித்த முள்ளுக்கம்பி கிழித்தாலோ உடனே ஏற்பு ஊசி போட அனுப்புவது ஏன் என்று மாணவர்களிடம் கேட்டால், “விஷம் ஏறும் சேர்” என்பார்கள். சரி, எங்கே ஏறுகிறது? மண்ணிலிருக்கும் அந்தக் கிருமி காயத்தின் ஆழத்தில் வளர்ந்து ஒரு நஞ்சை உண்டாக்குகிறது. அது இயக்க நரம்பின் வாலுக்குள் புகுந்து முண்ணாண் வரை பின்னோக்கிப் பயணம் செய்கிறது. அங்கே இயக்க நரம்புக்கலத்தை விட்டுத் தாவி, அதைத் தடுக்கும் கலத்துக்குள் போய் உட்காருகிறது. காபாவையும் கிளைசீனையும் வெளியே விடுவதற்கு வேண்டிய ஒரு புரதத்தை வெட்டிவிடுகிறது. தாடை பூட்டிக்கொள்வதும் உடம்பு வளைவதும் அதனால்தான். வந்த வழியில் இருந்த அத்தனையையும் விட்டுவிட்டு அந்த நஞ்சு தேடிப்போய்ச் சிதைப்பது தடுக்கும் கலத்தை. ஓர் உடம்பை அழிக்க அந்த ஒன்று போதும்.

இந்த இடத்துக்கு வந்ததும் மாணவர்கள் “அப்போ பிரேக் மாதிரி” என்பார்கள். பிரேக் என்பது பிழையில்லை, ஆனால் பாதிதான். பிரேக் வண்டியை மெதுவாக்கும், நிறுத்தும். தடுக்கும் கலங்கள் எப்போது, எங்கே, எந்த வடிவத்தில் என்பதையும் தீர்மானிக்கின்றன. எனக்கு அதற்குக் கிடைத்த நல்ல உதாரணம் தப்பு என்ற தோல்மேளம். காமன் கூத்துக்கு ஓர் அடி, சாவு வீட்டுக்கு ஓர் அடி, விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிட்ட அடி வேறு. தோல் அதேதான், குச்சிகளும் அதேதான். அடிக்கும் அடிக்கும் நடுவே விடும் இடைவெளிதான் இன்ன அடி என்று நமக்குச் சொல்கிறது. இடைவெளியே விடாமல் அடித்தால் அது வெறும் சத்தம். வலிப்பின்போது மூளையிலிருந்து வருவது அப்படிப்பட்ட சத்தம்: பலம் நிறைய, செய்தி எதுவும் இல்லை.

மூளை இந்த இடைவெளியை உண்டாக்கும் விதம் எளிமையானது. ஒரு செய்தி வரும்போது அது தூண்டும் கலத்துக்கும் போகிறது, பக்கத்திலிருக்கும் தடுக்கும் கலத்துக்கும் போகிறது. அந்தத் தடுக்கும் கலம் அதே தூண்டும் கலத்தைத் தான் அடக்குகிறது. ஆக, முதலில் “போ” வந்து சேரும், ஒன்றிரண்டு மில்லிசெக்கன் கழித்து “போதும்” வந்து சேரும். அந்தச் சின்ன இடுக்குக்குள் மற்றச் செய்திகளும் சேர்ந்து வந்தால்தான் கலம் துடிக்கும். பிந்தி வந்தால் கதவு சாத்தியிருக்கும். 2001இல் எலியின் மூளையில், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியில் இதை அளந்து பார்த்தார்கள். தடுப்பு இருக்கும்போது இரண்டு செய்திகள் சில மில்லிசெக்கனுக்குள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. தடுப்பை மருந்தால் நிறுத்தியதும் அந்த இடுக்கு பல மடங்கு அகன்று, எப்போது வந்தாலும் சரி என்றாகிவிட்டது. யார் எந்தத் திசையிலிருந்து கூப்பிட்டார்கள் என்று கண்டுபிடிக்க இரண்டு காதுக்கும் சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசத்தை மூளை பார்க்கிறது. அது ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவு. காலத்தில் இப்படிக் கறாராக இருக்க முடியாத மூளைக்குப் பள்ளத்தாக்கின் எந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது என்று தெரியாது.

இதே கலங்கள் தாளமும் பிடிக்கின்றன. கவனமாக எதையாவது பார்க்கும்போது மூளையின் மின்பதிவில் செக்கனுக்கு 30 முதல் 80 வரையான அலைகள் எழும், காமா அலைகள் என்று பெயர். தூண்டும் கலங்கள் துடிக்கும், அவை தடுக்கும் கலங்களை எழுப்பும், அவை எல்லோரையும் ஒன்றாக அடக்கும், அடக்கம் தேய்ந்ததும் எல்லோரும் ஒன்றாக எழுவார்கள். 2009இல் எலிகளின் ஒரு வகைத் தடுக்கும் கலங்களை மட்டும் ஒளியால் இயங்கச் செய்து, இந்தக் காமா தாளத்தை வரவழைத்துக் காட்டினார்கள்.

இடத்திலும் இதுவே நடக்கிறது. குதிரைலாட நண்டின் கண்ணில், ஒளி பட்ட அலகு பக்கத்து அலகுகளை அடக்குகிறது என்று கெஃபர் ஹார்ட்லைன் கண்டார். 1967 நோபலில் அவருக்கும் பங்கு. பக்கத்தாரை அடக்கினால் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோடு பளிச்சென்று தெரியும். விடியலில் சிவனொளிபாதமலைப் பக்கம் பார்த்தால், பனியில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மலை முகடுகளின் ஓரம் மட்டும் கறுத்துத் தெரியும், அதை ஒட்டிய பின்மலை கொஞ்சம் வெளுத்துத் தெரியும். அந்தக் கறுப்பிலும் வெளுப்பிலும் ஒரு பங்கு மலையினுடையது இல்லை. நம் கண்ணும் மூளையும் தடுத்துத் தடுத்து வரைந்தது.

தடுக்கும் கலங்கள் எல்லாம் ஒரே வகை இல்லை. சில, தூண்டும் கலத்தின் உடம்பைக் கூடை மாதிரிச் சுற்றிப் பின்னிக்கொள்கின்றன. இவை மிக வேகமானவை, செக்கனுக்கு நூறு தடவைக்கு மேல் சளைக்காமல் துடிக்கக்கூடியவை. சில, துடிப்பு பிறக்கும் இடத்திலேயே, அதாவது வாலின் அடியிலேயே போய் உட்காருகின்றன. கொத்து விளக்கின் மெழுகுதிரிகள் போல அவற்றின் முனைகள் வரிசையாக நிற்கும். அந்த இடத்தைத்தான் அவை பிடித்திருக்கின்றன என்று 1977இல் பீட்டர் சொமோகி காட்டினார். இன்னும் சில, தூரக் கிளைகளில் உட்கார்ந்து, எந்தச் செய்தி கலத்துக்குள் வரலாம், எது வேண்டாம் என்று வாசலிலேயே பார்க்கின்றன. நான்காவதாக ஒரு வகை உண்டு. அது தடுக்கும் கலங்களையே தடுக்கிறது. பிடியைப் பிடித்து இழுத்தால் பிடிபட்டவர் விடுபடுவார். எலி நின்ற இடத்திலிருந்து ஓடத் தொடங்கியதும் இந்த நான்காவது வகை விழித்துக்கொண்டு, பார்வைப் பகுதியின் தூண்டும் கலங்களைக் கட்டவிழ்த்து விடுவதை 2014இல் பதிவு செய்திருக்கிறார்கள். மூளையின் அடியில் கருக்கள் எனப்படும் கலக்கூட்டங்களில் இந்த முறையே ஆட்சி. அங்கே சும்மா இருக்கும்போதெல்லாம் தடுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். கை அசைய வேண்டும் என்றால், அந்தக் கைக்குரிய தடுப்பு மட்டும் சற்று விலகும். சிறுமூளையின் பட்டையிலிருந்து வெளியே போகும் ஒரே வழியும் புர்க்கின்ஜே என்ற தடுக்கும் கலங்கள்தான். சிறுமூளைப் பட்டை உலகத்தோடு பேசுவதே “வேண்டாம்” என்ற ஒரு சொல்லை ஏற்றியும் இறக்கியும்தான்.

இனிச் சமநிலை. ஒரு தூண்டும் கலத்துக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள் வந்து சேர்கின்றன. அவை எல்லாம் தள்ளிக்கொண்டே இருந்தால் கலம் நிற்காமல் துடிக்க வேண்டும், ஆனால் விழித்திருக்கும் மூளையில் பெரும்பாலான கலங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் துடிக்கின்றன. 1996இல் ஜெருசலேமில் கார்ல் ஃபான் ஃப்ரீஸ்வைக்கும் ஹைம் சொம்போலின்ஸ்கியும் இதற்கு ஒரு கணித விளக்கம் தந்தார்கள். தள்ளுவதும் பிடிப்பதும் இரண்டுமே மிகப் பலமானவை, ஒன்றையொன்று ஏறக்குறையக் கழித்துவிடுகின்றன, மிஞ்சும் சின்னத் தளும்பல்தான் துடிப்பாகிறது என்றார்கள். அட்டன் ஏற்றத்தில் பஸ்ஸை நிறுத்தி எடுக்கும் சாரதியைப் பார்த்திருப்பீர்கள். கிளச்சையும் அக்சிலரேட்டரையும் பாதி பாதி பிடித்து, பஸ் பின்னாலும் போகாமல் முன்னாலும் போகாமல் தொங்கிக்கொண்டு நிற்கும். பார்ப்பதற்குச் சும்மா நிற்கிறது. ஆனால் இஞ்சின் முழுப் பலத்தோடு உறுமுகிறது, ஒரு நூல் அசைத்தால் போதும், பஸ் கிளம்பிவிடும். மூளை அந்த நிலையில் நிற்கிறது. அதனால்தான் சின்னச் செய்திக்கும் அதனால் உடனே அசைய முடிகிறது.

இதில் புத்திக்கு எளிதில் பிடிபடாத ஒரு விஷயம் உண்டு. தடுக்கும் கலங்களுக்குக் கூடுதல் தூண்டல் கொடுத்தால் அவற்றின் துடிப்பு கூட வேண்டும்தானே? 1997இல் மிஷா சொடிக்ஸும் கூட்டாளிகளும், குறைந்துவிடலாம் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். தூண்டும் கலங்கள் தங்களுக்குள் அவ்வளவு பலமாகப் பின்னிக்கொண்டிருக்கும் இடத்தில் இது நடக்கும். தடுக்கும் கலங்கள் கொஞ்சம் எழுந்ததும் தூண்டும் கலங்கள் சடாரென்று அடங்கும். தடுக்கும் கலங்களுக்குச் சாப்பாடு போடுவதே அந்தத் தூண்டும் கலங்கள்தான், ஆகவே சாப்பாடு குறைந்து அவையும் முன்பிருந்ததைவிடக் கீழே போய் நிற்கும். 2009இல் பூனையின் பார்வைப் பட்டையில் இதற்குச் சாட்சி கிடைத்தது. ஆகவே ஓரிடத்தில் தடுப்புக் குறைந்திருப்பதை மட்டும் வைத்து அங்கே தடுக்கும் கலங்கள் பழுதாகிவிட்டன என்று முடிவு செய்ய முடியாது. இரண்டு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்பவை. தனித்தனியாகப் பிரித்துப் பலமும் பலவீனமும் பேசுவதில் பொருளில்லை.

சமநிலை பிறக்கும்போதே செய்து முடித்துக் கொடுக்கப்பட்டதும் இல்லை. கருவிலும், எலிக்குட்டிகளின் முதல் நாட்களிலும் கலங்களுக்குள் குளோரைட்டு மிகையாக இருப்பதால் காபா அவற்றை மேலே தள்ளுகிறது. வளர்ந்த பிறகுதான் அது தடுக்கும் பொருளாகிறது. பிறகும் அனுபவத்தோடு சமநிலை திருத்தப்படுகிறது. எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று 2015இல் நியூயோர்க்கில் நடந்தது. குட்டி போடாத பெண் எலி, குட்டியின் அழுகையைக் கேட்டாலும் பொருட்படுத்தாது. அதன் செவிப்பகுதியில் அந்த ஒலிக்கு எழும் தூண்டலும் தடுப்பும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. தாய் எலியில் இரண்டும் இழைக்கு இழை பொருந்தி நிற்கின்றன. ஒக்சிடோசின் என்ற ஹோர்மோன் முதலில் தடுப்பைச் சற்றுத் தளர்த்தி, பிறகு சில மணி நேரத்தில் புதிய அளவில் அதைப் பொருத்துகிறது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லக் கூடாது. ஆனாலும் வேலைக்குப் போகும் அம்மாமார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் பத்துப் பிள்ளைகள் ஒன்றாக அழும்போது, மலையிலிருந்து இறங்கி வரும் அம்மா தன் பிள்ளையின் குரலை மட்டும் வேலிக்கு வெளியே நின்றே கண்டுபிடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த எலி நினைவுக்கு வரும்.

அண்ணனிடம் திரும்பி வருகிறேன். வலிப்பு ஓரிடத்தில் தொடங்கிப் பரவப் பார்க்கும்போது, சுற்றியுள்ள தடுக்கும் கலங்கள் வேலி போட்டு அதை நிறுத்தப் போராடுகின்றன. வேலி உடைந்தால் அடுத்த இடம், அடுத்த வேலி. எல்லா வலிப்பும் தடுக்கும் கலங்களின் குறையால்தான் வருகிறது என்று சொல்ல முடியாது. காயம், காய்ச்சல், கட்டி, பரம்பரை என்று காரணங்கள் பல. ஆனால் சிலவற்றில் நேரடிச் சாட்சி உண்டு. 1978இல் பிரான்சின் ஷார்லட் டிராவே விவரித்த ஒரு கடுமையான குழந்தை வலிப்பில், துடிப்பை எழுப்பும் சோடியம் அயன்களைக் கலத்துக்குள் விடும் கதவு ஒன்றின் மரபணு பழுதாகிறது. சோடியம் கதவு கெட்டால் துடிப்பு குறைய வேண்டும், வலிப்பு ஏன் வருகிறது? அந்தக் கதவை அதிகம் நம்பியிருப்பவை வேகமாகத் துடிக்கும் தடுக்கும் கலங்கள். ஆகவேதான் மற்ற வலிப்புகளுக்கு நல்ல மருந்தான கார்பமசெபின் இந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்ட குளிசையை நம் பிள்ளைக்கும் வாங்கிக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

1912 முதல் வலிப்புக்குப் பயன்படும் பினோபார்பிட்டோனும், 1963இல் வந்த டயசிபாமும் காபாவின் கதவில் போய் உட்கார்ந்து, காபா வரும்போது குளோரைட்டு இன்னும் தாராளமாக உள்ளே போக உதவுகின்றன. உதவி தொடர்ந்து கிடைத்தால் மூளை அதற்கேற்பத் தன் பக்கத்தைச் சரிசெய்துகொள்ளும். திடீரென்று நிறுத்தினால் பிடிமானம் போய்விடும். அண்ணனுக்கு நடந்தது அதுதான். ஒன்றரை வருடம் வலிப்பு வரவில்லை, குணமாகிவிட்டது என்று வீட்டில் குளிசையை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் ஒன்றன்பின் ஒன்றாக வலிப்பு வந்து, லொறியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நிறுத்த வேண்டிய நாள் வரலாம், ஆனால் அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது வைத்தியரின் வேலை.

சாராயமும் இதே கதவில்தான் கை வைக்கிறது. நம் தோட்டங்களில் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பல வருடம் தினமும் குடிக்கும் ஒருவரின் மூளை, வெளியிலிருந்து வரும் தடுப்பை நம்பி, தன் காபாக் கதவுகளின் உணர்ச்சியைக் குறைத்து, தூண்டும் பக்கத்தைக் கூட்டி வைத்திருக்கும். விரதத்துக்கு மாலை போட்டோ, சம்பளம் தீர்ந்தோ, வீட்டில் சண்டை வந்தோ ஒரே நாளில் நிறுத்தினால், பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு. “குடிக்காம இருந்ததால சாமி தண்டிச்சிருச்சு” என்று ஒரு வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். குடியை விட நினைப்பவர் எவ்வளவு பெரிய காரியம் செய்கிறார்! அவரை டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போய், மருந்தின் துணையோடு விட வைக்க வேண்டும்.

வலிப்பு வந்தவரைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துணியை மடித்து வையுங்கள், வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே மறுபடி வந்தால், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். சாவி எதையும் செய்வதில்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே அடங்குபவை. சாவியைத் தேடி எடுப்பதற்குள் அந்த நேரம் கழிந்துவிடுகிறது, பேர் மட்டும் இரும்புக்குப் போகிறது.

போன மாதம் பெரியம்மா வீட்டில் தேத்தண்ணி குடித்தபடி இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தேத்தண்ணியிலும் ஒரு தடுப்புக் கதை இருக்கிறது: மூளையில் சோர்வோடு சேரும் அடினோசின் என்ற பொருள் தூண்டும் செய்திகளைக் குறைக்கும், கஃபீன் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வேலை செய்ய விடுவதில்லை. பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப அந்தத் தடுக்கிற நரம்பத் திரும்ப வைக்க ஏலாதா தம்பி?” என்றார். என் மாணவர்கள் ஒருவரும் இதுவரை கேட்காத கேள்வி. முயற்சி செய்கிறார்கள் பெரியம்மா என்றேன். எலிகளில், தடுக்கும் கலங்களாக வளரக்கூடிய இளம் கலங்களை மூளைக்குள் வைத்து வலிப்பைக் குறைத்திருக்கிறார்கள். 2022இலிருந்து அமெரிக்காவில், மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள மனிதர்களிலும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அப்படியான கலங்களை வைத்துச் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இன்னும் சோதனைதான்.

“அதுவரைக்கும் குளிசை” என்றார் பெரியம்மா. எழுந்துபோய் அண்ணனின் கிளினிக் கொப்பியை எடுத்து வந்து, செவ்வாய்க்கிழமைதானே என்று என்னைப் பார்க்கச் சொன்னார். செவ்வாய்க்கிழமைதான். காலை ஆறு மணி பஸ்.